கவர்னருக்கு நஷ்டமில்லை

(வாசகர் கடிதமும் பதிலும். எழுதியவர் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கடிதத்தைச் சற்றுச் சுருக்கியிருக்கிறேன்.)

வணக்கம் சார்,

நான் ஈசூனில் இருக்கிறேன். சொந்த ஊர் உச்சிப்புளி பக்கம். சிங்கப்பூர் வந்து பதினாறு வருடம் ஆகிறது. கட்டுமானத் துறையில் தள மேற்பார்வையாளர் வேலை.

மகள் உயர்நிலை இரண்டு படிக்கிறாள். சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ஏதாவது ஒரு பழைய கட்டுமானத்தைப் பார்த்து எழுதிவரச் சொல்லிப் பள்ளியில் வேலை கொடுத்திருந்தார்கள். போன ஞாயிற்றுக்கிழமை ராஃபிள்ஸ் பிளேசில் இறங்கி இரண்டு பேரும் கேவனா பாலத்துக்குப் போனோம். நான் படம் எடுத்துத் தருவதற்காகக் கூடப் போனவன், அவ்வளவுதான். அவள் முன்னாலேயே இணையத்தில் படித்துவிட்டு வந்திருந்தாள். பாலத்தின் நடுவில் நின்றுகொண்டு, "அப்பா, இந்தியாவிலிருந்து கைதிகளைக் கொண்டுவந்து அடிமை மாதிரி வேலை வாங்கிக் கட்டியிருக்காங்க. பேரு மட்டும் கவர்னர் பேரு. இதைப் போய் எதுக்கு நாம பாதுகாக்கணும்? இடிச்சா என்ன?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துப் பேச்சை மாற்றிவிட்டேன்.

உண்மையைச் சொன்னால், என் தொழிலில் பழைய பாலம் என்றால் துருவும் பராமரிப்புச் செலவும்தான் ஞாபகத்துக்கு வரும். நாங்கள் போனபோதும் அங்கே இரண்டு ஜோடிகள் கல்யாண உடையில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். படம் எடுக்கவா இவ்வளவு செலவு என்று தோன்றியது.

ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்தபோது கைபேசியில் பார்த்தேன். பக்கத்தில் பழைய பாலம் சும்மா நின்றது. சின்ன வயதில் அதில் ராமேஸ்வரம் போகும்போது அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டே வருவார். அதை எடுத்துவிடப் போகிறார்கள் என்று கேட்டதும் மனசு என்னவோ செய்தது. கேவனா பாலத்தைப் பற்றி ஒன்றும் தோன்றாதவனுக்குப் பாம்பன் பாலத்துக்காக ஏன் வலிக்கிறது? இது வெறும் ஊர்ப்பாசம்தானா? மகளுக்கு நான் என்ன சொல்வது?

*

அன்புள்ள நண்பருக்கு,

ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தது நல்ல முடிவு. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆற்றங்கரை மரபுநடைகளில் எத்தனையோ பேரோடு நடந்திருக்கிறேன். "எந்த வருடம் கட்டினது?", "எவ்வளவு நீளம்?" என்று கேட்பார்கள். இடித்தால் என்ன என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

அதனால் அதிலிருந்தே ஆரம்பிப்போம். சரி, நாளைக்கே இடித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு நஷ்டம்?

கவர்னர் வில்லியம் ஓர்ஃபர் கேவனாவுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. 1859 முதல் 1867 வரை சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களை ஆண்டவர், அவை பிரிட்டிஷ் இந்திய ஆட்சியின் கீழ் இருந்த காலத்தின் கடைசி கவர்னர். அவர் பெயர் புத்தகங்களில் பத்திரமாக இருக்கிறது. இஸ்தானாவை ஒட்டி கேவனா ரோடு என்று ஒரு சாலையே இருக்கிறது. இத்தனைக்கும் பாலத்துக்கு முதலில் யோசித்த பெயர் அவருடையது இல்லை. 1869இல் விக்டோரியா ராணியின் மகன் எடின்பரோ கோமகன் இங்கே வந்ததை ஒட்டி எடின்பரோ பாலம் என்று வைக்க இருந்தார்கள். பிறகுதான் மாற்றினார்கள்.

இரும்பை வார்த்த கிளாஸ்கோ கம்பெனிக்கும் நஷ்டமில்லை. பி அண்ட் டபிள்யூ மெக்லெல்லன் என்று பெயர் பொறித்த தகட்டைப் பாலத்திலேயே மாட்டியிருக்கிறார்கள். உங்கள் மகள் பார்த்திருக்காவிட்டால் அடுத்த தடவை பார்க்கச் சொல்லுங்கள். கவர்னர் குடும்பத்தின் சின்னம் மேலே, கம்பெனியின் பெயர் தகட்டில். கப்பலில் வந்திறங்கிய இரும்புத் துண்டுகளை இந்த வெயிலில் நின்று கோத்தவர்களின் பெயர் எங்கும் இல்லை. அவர்கள் இங்கே விட்டுப்போனது அந்த வேலை மட்டும்தான். பாலத்தை இடித்தால் அழிவது அவர்கள் மட்டும்தான்.

உங்கள் மகளுக்கு நான் சொல்லக்கூடிய பதில் இதுதான். கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தில் இடித்தால் அடி தவறான ஆள்மேல் விழும்.

"அடிமை மாதிரி" என்று அவள் சொன்னதையும் கொஞ்சம் பார்ப்போம். 1825இல் சுமத்ராவில் இருந்த பெங்கூலனிலிருந்து முதல் இந்தியக் கைதிகளை இங்கே கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு வங்காளம், சென்னை, பம்பாய் மாகாணங்களிலிருந்து வந்துகொண்டே இருந்தார்கள். காட்டை வெட்டி, சாலை போட்டு, செங்கல் சுட்டு இந்த ஊரின் பாதியைக் கட்டியது அவர்கள் கைதான். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் உட்சுவரைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் எல்லாம் சேர்த்துப் பூசி மெருகேற்றிய மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு. நம் ஊர்ப் பழைய வீட்டுச் சுவரில் கன்னத்தை வைத்தால் குளிர்ச்சியாக இருக்குமே, அதே வித்தை. செட்டிநாட்டில் அதைப் பார்த்து மயங்குகிறோம். ஹில் ஸ்திரீட்டுக்குப் பக்கத்தில் கைதிகள் பூசியது கவனத்தில் விழுவதில்லை.

அவர்களில் கொலை செய்தவர்களும் இருந்தார்கள், கொள்ளையடித்தவர்களும் இருந்தார்கள். எல்லாரும் அப்பாவிகள் என்று சொல்ல மாட்டேன். எல்லாரும் தமிழர்கள் என்றும் சொல்ல மாட்டேன். நம்மவர்களில் சிலர் உணர்ச்சிவசப்பட்டு அப்படி மேடையில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். நல்லபடி நடந்துகொண்ட கைதிகளையே மற்ற கைதிகளுக்குக் காவலர்களாக வைத்தார்கள். பலர் தொழில் கற்றார்கள், விடுதலையாகி இங்கேயே தங்கியவர்களும் உண்டு. 1873இல் இங்கிருந்த கைதிச் சிறையை மூடி, மிச்சம் இருந்தவர்களை அந்தமானுக்கு அனுப்பிவிட்டார்கள். 1869இல் முடிந்த கேவனா பாலம் அவர்கள் செய்த கடைசிப் பெரிய வேலைகளில் ஒன்று. இவ்வளவையும் சொன்ன பிறகும் அது கட்டாய வேலைதான். கேட்டுச் செய்யச் சொன்னதில்லை. மகள் சொன்ன வார்த்தையை முழுக்கத் திருத்த வேண்டியதில்லை, கொஞ்சம் நீட்டினால் போதும்.

அப்புறம், நீங்கள் கட்டுமானத் துறைக்காரர். பாலத்தை எப்படிப் பார்ப்பது என்று நான் உங்களுக்குச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். அந்தப் பாலத்தின் அழகைவிட அதன் குறைகள் சுவாரசியமானவை.

முதல் குறை, ரொம்பத் தாழ்வு. அந்தக் காலத்தில் சிங்கப்பூர் ஆறு கடலோடு சேர்ந்து ஏறி இறங்கும். ஏற்றத்தின்போது சரக்குப் படகுகள் பாலத்தின் அடியில் நுழைய முடியாது. தண்ணீர் வற்றும்வரை காத்திருக்க வேண்டும். போட் கீயில் கிட்டங்கி வைத்திருந்தவர் எவ்வளவு திட்டியிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். ஆற்றைக் கடக்கப் படகுக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு வசதி, படகு ஓட்டுகிறவனுக்குத் தொல்லை. இன்று அந்தக் குறை கண்ணுக்கே தெரியாது. 2008இல் மரீனா அணைக்கட்டு வந்தபின் ஆறு நீர்த்தேக்கத்தின் பகுதியாகிவிட்டது. கடல் ஏற்றம் உள்ளே வருவதில்லை. நின்று பார்க்கிறவருக்கு, இவ்வளவு தாழ்வாக ஏன் கட்டினார்கள் என்ற கேள்வியே வராது. தண்ணீர் எப்போதும் ஒரே மட்டத்தில் கிடக்கிறது. அந்தப் பாலம் இல்லாவிட்டால், இந்த ஆற்றுக்கு ஏற்றவற்றம் இருந்தது என்பதே நம் பிள்ளைகளுக்குக் கதையாகிவிடும்.

இரண்டாவது குறை, பலம் போதவில்லை. வண்டிகள் கூடிக்கொண்டே போயின. 1910இல் பக்கத்திலேயே ஆண்டர்சன் பாலத்தைத் திறந்தார்கள். அதன் பிறகு இது நடப்பவர்களுக்கு மட்டும் என்றாகிவிட்டது. இரண்டு முனையிலும் ஒரு பழைய அறிவிப்புப் பலகை இருக்கிறது, கவனித்தீர்களா? சுமையோடு சேர்த்து மூன்று அந்தர் எடைக்கு மேல் உள்ள வண்டிகள் போகக் கூடாது. மாடு, குதிரை எதுவும் கூடவே கூடாது. காவல்துறைத் தலைவரின் உத்தரவு. மூன்று அந்தர் என்றால் இன்றைய கணக்கில் சுமார் 152 கிலோ. மாடே அதைவிடக் கனம். சிராங்கூன் ரோட்டில் பட்டி வைத்திருந்தவர்களையும் மாட்டுவண்டி ஓட்டியவர்களையும் நினைத்துக்கொண்டு அந்தப் பலகையைப் படித்தால், அது யாருக்காக எழுதியது என்று ஓரளவு புரியும். அவர்களில் எத்தனை பேருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரிந்திருக்கும் என்பது வேறு கேள்வி.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் குறைதான் பாலத்தைக் காப்பாற்றியது. லாரி தாங்கியிருந்தால் லாரி போயிருக்கும். லாரி போயிருந்தால் அகலப்படுத்தியிருப்பார்கள். அகலப்படுத்த முடியாவிட்டால் இடித்துவிட்டு வேறு கட்டியிருப்பார்கள். எதற்கும் லாயக்கில்லாமல் போனதால் தப்பித்தது.

நம்பிக்கை இல்லையென்றால் கொஞ்ச தூரம் மேலே நடந்து கோல்மன் பாலத்துக்குப் போங்கள். அது மிகவும் உபயோகமான பாலம். அதனால் அந்த இடத்தில் இப்போது இருப்பது நான்காவது. 1840இல் ஜார்ஜ் கோல்மன் கட்டிய செங்கல் பாலம், 1865இல் மரப்பாலம், 1886இல் இரும்புப் பாலம், 1990இல் இன்றைய கான்கிரீட் பாலம். மூன்றாவதை எனக்குத் தெரியும். சின்னப் பையனாக இருந்தபோது அப்பாவோடு பஸ்ஸில் அதன் மேல் போவேன். ஆற்றின் நாற்றம் ஜன்னல் வழியாக வந்து முகத்தில் அடிக்கும். அப்பா கைக்குட்டையை எடுத்து என் மூக்கில் வைப்பார், தனக்கு வைத்துக்கொள்ள மாட்டார். 1977இல் ஆற்றைச் சுத்தப்படுத்த ஆரம்பித்து 1987இல் முடித்தார்கள். நாற்றம் போயிற்று, 1983இல் படகுகளும் பாசிர் பாஞ்சாங் பக்கம் போய்விட்டன, அப்புறம் அந்தப் பாலமும் போயிற்று. பழைய விளக்குக் கம்பங்களையும் கைப்பிடி இரும்பையும் எடுத்துப் புதிய பாலத்தில் பொருத்தியிருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். எனக்கென்னவோ, தாத்தாவின் மூக்குக்கண்ணாடியைப் பேரனுக்குப் போட்டுவிட்டு "அப்படியே தாத்தா மாதிரி" என்று சொல்வதுபோல இருக்கிறது. கோல்மன் பாலத்துக்கு யாரும் போராடவில்லை. நானும் போராடவில்லை. போக்குவரத்து அப்படி. குறை சொல்ல மனம் வரவில்லை, ஆனால் கம்பத்தைப் பார்க்கும்போதெல்லாம் கைக்குட்டை ஞாபகம் வருகிறது.

பாலத்தை நாம் எவ்வளவு கவனிக்காமல் இருக்கிறோம் என்பதற்கு என் அவமானக் கதை ஒன்று. பல வருடங்களுக்கு முன்னால் ஒரு சிறு குழுவை எல்ஜின் பாலத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். நார்த் பிரிட்ஜ் ரோடு, சவுத் பிரிட்ஜ் ரோடு என்று பெயர் வந்த கதையைப் பேசும்போது, "வடக்கே ஒரு பாலமும் தெற்கே ஒரு பாலமும் இருந்தன" என்று அளந்துவிட்டேன். எங்கோ கேட்டது, சரிபார்க்கவில்லை. குழுவில் இருந்த ஒரு பையன், பத்து வயதுகூட இருக்காது, "அங்கிள், பாலம் ஒண்ணுதான். அதுக்கு இந்தப் பக்கம் நார்த், அந்தப் பக்கம் சவுத்" என்றான். அவ்வளவுதான் விஷயம். நாம் நின்றுகொண்டிருந்த பாலம்தான் அது. அதற்குப் பிறகு வந்த கோல்மன் பாலம் புதுப்பாலம், அதனால் நியூ பிரிட்ஜ் ரோடு. தினமும் பஸ்ஸில் "பிரிட்ஜ்" என்று சொல்லி ஏறி இறங்குகிற நாம் எந்தப் பாலம் என்று ஒரு நாளும் கேட்பதில்லை.

எல்ஜின் பாலம் இருக்கிற இடத்தில் 1820களிலிருந்தே மரப்பாலம் உண்டு. 1862இல் கல்கத்தாவிலிருந்து இரும்பு கொண்டுவந்து கட்டினார்கள். அப்போது இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த எல்ஜின் பிரபுவின் பெயரை வைத்தார்கள். இன்றைய பாலம் 1929இல் திறந்தது. விளக்குக் கம்பங்களின் அடியில் சிங்கமும் மரமும் இருக்கும் வட்டத் தகடுகளைப் பாருங்கள். ரோடோல்ஃபோ நோல்லி என்ற இத்தாலியச் சிற்பியின் வேலை. பழைய உச்ச நீதிமன்றத்தின் முகப்புச் சிற்பங்களும் அவருடையவைதான். ஊரில் பாதிப் பேர் அந்தத் தகட்டில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கிராப் காருக்குக் காத்திருப்பார்கள்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் டேங்க் ரோடு முருகன் வெள்ளி ரதத்தில் கியோங் சியாக் ரோட்டு லயன் சித்தி விநாயகர் ஆலயத்துக்குப் போகிறார் அல்லவா? முருகன் ஆற்றுக்கு வடக்கே, பிள்ளையார் தெற்கே. பாலம் இல்லாவிட்டால் தம்பி அண்ணனைப் பார்க்க முடியாது. மகளுடைய கட்டுரையில் இதைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆசிரியருக்குப் பிடிக்காவிட்டாலும் பாட்டிக்குப் பிடிக்கும்.

கிளார்க் கீ பக்கம் இரண்டு சின்னப் பாலங்கள் இருக்கின்றன. அவற்றைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒன்று 1889இல் முடிந்த ரீட் பாலம். மாலையில் வேலை முடிந்த கூலிகள் அங்கே உட்கார, தியோச்சூ பேசும் சீனக் கதைசொல்லிகள் கதை சொல்வார்களாம். அந்தப் பாலத்தில் இன்றும் சாயங்காலம் இளைஞர்கள் கூட்டமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தால், கதைசொல்லியைத் தவிர ஒன்றும் மாறவில்லை என்று தோன்றும். மற்றது 1886இல் கட்டிய ஓர்ட் பாலம். பெயர் வைத்தது கவர்னர் ஹாரி ஓர்ட் நினைவாக. ஜனங்கள் வைத்த பெயர் வேறு, டாடி பிரிட்ஜ். அப்பா பாலம் என்று நினைத்துவிடாதீர்கள், கள்ளுப் பாலம். சுற்றிலும் கள்ளுக்கடைகள். அந்தக் காலச் சிங்கப்பூரில் கள்ளுக்கடைக்கு யார் போனார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நம் தாத்தாக்களைப் பற்றி நாம் எழுதும்போது கோயில் கட்டினார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள், சங்கம் வைத்தார்கள் என்று எழுதுகிறோம். அதுவும் உண்மை. சம்பள நாளில் அந்தப் பாலத்தைக் கோணலாகக் கடந்தார்கள் என்பதும் உண்மையாகத்தான் இருக்கும். அரசாங்கம் பாலத்தைப் பாதுகாக்கிறது. கள்ளுப் பாலம் என்ற பெயரைப் பாதுகாப்பது அதனால் ஆகாது, நாம்தான் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

இனி செலவு. 2008இல் கேவனா, ரீட் உள்ளிட்ட ஆற்றுப் பாலங்களை நகரச் சீரமைப்பு ஆணையம் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. 2019 அக்டோபரில் கேவனா, ஆண்டர்சன், எல்ஜின் மூன்றும் சேர்ந்து தேசிய நினைவுச்சின்னமாயின. கோயில், மசூதி, தேவாலயம், நீதிமன்றம் எல்லாம் உள்ள வரிசையில் பாலமும் வந்து உட்கார்ந்தது. செலவு ஆகும்தான். இந்த ஊர் ஈரத்தில் இரும்பு எப்படி அரிக்கும் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். பெயிண்டைச் சுரண்டி, ரிவெட்டைத் தட்டிப் பார்த்து, மறுபடி பூச வேண்டும். ஆனால் லாரியும் பஸ்ஸும் போகாத பாலத்துக்கு ஆயுள் கெட்டி. கண்ணாடிப் பெட்டியில் வைக்கிற பொருளுக்குச் செய்கிற செலவு ஒரு வகை. தினமும் அலுவலகத்துக்குப் போகிறவர்கள் காப்பிப் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு நடந்து போகிற பொருளுக்குச் செய்வது வேறு வகை. இரண்டாவதற்கு எனக்கு மனத்தடை இல்லை.

கல்யாண ஜோடிகளை விட்டுவிடுங்கள், பாவம். அவர்கள் பாலத்தை ஒன்றும் செய்யவில்லை. எனக்கு உறுத்துவது ஆண்டர்சன் பாலம்தான். ஜப்பானியர் காலத்தில், எதிர்த்தவர்களின் தலைகளை வெட்டி அந்தப் பாலத்தில் தொங்கவிட்டார்கள், மற்றவர்கள் பயப்படட்டும் என்று. 2008 முதல் அதே பாலத்தின் மேல் எஃப் ஒன் பந்தயக் கார்கள் பறக்கின்றன. கார் ஓடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பாலம் இருப்பதே வண்டி ஓடுவதற்குத்தான். ஆனால் விளக்கு அலங்காரத்தைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுகிற வழிகாட்டி தலைகளைப் பற்றி அரை நிமிஷமாவது பேசலாம். உங்கள் மகள் மாதிரி ஆள் கூட்டத்தில் இருந்தால் பேச வைத்துவிடுவாள்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். பாம்பனுக்கு வலிப்பது ஊர்ப்பாசமா என்று கேட்டீர்கள். ஆமாம், ஊர்ப்பாசம்தான். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? அம்மா சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்த பாலம் அது. எனக்குக் கேவனா பாலத்தைவிடப் புக்கிட் தீமா ரயில் பாலம்தான் நெருக்கம். என் சித்தப்பா மலாயா ரயில்வேயில் லைன் வேலை பார்த்தார். சிலீப்பர் கட்டை மாற்றுவது, ஜல்லி தள்ளுவது. அந்தக் கும்பலில் பாதிக்கு மேல் நம்மவர்கள். விடுமுறைக்கு அவர் வீட்டுக்குப் போனால், தூரத்தில் ரயில் இரும்புப் பாலத்தின் மேல் ஏறும்போது வரும் சத்தத்தை வைத்தே சித்தி அடுப்பில் உலை வைப்பார். 1932இல் ரயில்பாதையை மாற்றியமைத்துத் தஞ்சோங் பகார் நிலையத்தைத் திறந்த காலத்துப் பாலங்கள் அவை. 2011 ஜூன் 30ஆம் தேதி இரவு கடைசி ரயில் போனது. ஜொகூர் சுல்தானே ஓட்டிப் போனார். அப்புறம் தண்டவாளத்தை எல்லாம் கழற்றி எடுத்தார்கள். புக்கிட் தீமா நிலையம், இந்த இரும்புப் பாலங்கள் போன்ற சில இடங்களில் மட்டும் விட்டுவைத்தார்கள். இன்று 24 கிலோமீட்டர் நீள நடைபாதையில் அது ஒரு துண்டு. சைக்கிள்காரர்கள் மணி அடித்துக்கொண்டு போகிறார்கள். சித்தப்பா அதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், "இந்த போல்ட்டை நான்தான் முறுக்கினேன்" என்று ஒவ்வொன்றாகக் காட்டிச் சைக்கிள்களை நிறுத்தியிருப்பார்.

பாம்பன் விஷயத்தில் உணர்ச்சியைத் தள்ளி வைத்தும் பேசலாம். 1914இல் திறந்த பாலம். 1964 டிசம்பர் புயலில் சிதைந்து, பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் மீண்டும் எழுந்தது. நடுவில் ஷெர்ஸர் தூக்குப்பாலம், ஆட்கள் நின்று நெம்புகோலைத் தள்ளிக் கையால் திறப்பார்கள். 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். கடல் உப்பில் நூறு வருடம் நின்ற இரும்பை முழுவதும் வைத்துக் காப்பாற்றுவது சுலபமில்லை. நூறு மீட்டர்கூட இல்லாத கேவனா பாலமும் பாம்பனின் இரண்டு கிலோமீட்டரும் ஒன்றாகாது. என் கருத்தைக் கேட்டால், அந்தத் தூக்குப்பாலத்தையாவது வைக்க வேண்டும். கரையில் கொண்டுவந்து வைத்தாலும் சரி, நெம்புகோலைத் தள்ளிப் பார்க்கிற மாதிரி வைக்க வேண்டும். ஆட்கள் மூச்சு வாங்கத் தள்ளினால்தான் கப்பல் போகும் என்பதைப் படத்தில் காட்டிப் புரியவைக்க முடியாது.

நம் பக்கத்தில் பழைய பாலத்துக்கு ஆயுள் இல்லை என்று சலித்துக்கொள்ளவும் வேண்டாம். திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே தாமிரபரணியில் சுலோச்சன முதலியார் தன் சொந்தப் பணத்தில் கட்டிய பாலம் 1843இல் திறந்தது. கோல்மனின் செங்கல் பாலத்துக்கு மூன்று வருடம் இளையது. அந்தச் செங்கல் பாலம் போய்க் கிட்டத்தட்ட நூற்றறுபது வருடம் ஆகிறது. முதலியார் பாலத்தில் இன்றைக்கும் பஸ் போகிறது. அகலப்படுத்தினார்கள், ஆனாலும் ஜனங்கள் வாயில் முதலியார் பேர் இருக்கிறது. அங்கே பணம் கொடுத்தவர் பெயர் நின்றது. கல் சுமந்தவர்கள் பெயர் அங்கேயும் இல்லை. இதையும் உங்கள் மகளிடம் சொல்லுங்கள், கவர்னர்கள்மேல் மட்டும் கோபப்பட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

மறுபடி போவதாக இருந்தால் சாயங்காலம் ஆறரைக்கு மேல் போங்கள், வெயில் இருக்காது. மெக்லெல்லன் தகட்டைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அறிவிப்புப் பலகையைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் நீங்கள், அப்பாவாக இல்லாமல் தள மேற்பார்வையாளராக, அந்தச் சாய்வுக் கம்பிகள் சுமையை எப்படிக் கோபுரத்துக்குக் கொண்டுபோகின்றன, ரிவெட்டை எப்படிப் பழுக்கக் காய்ச்சி அடிப்பார்கள், அதற்கு எத்தனை பேர் வேண்டும் என்று அவளுக்கு விளக்குங்கள். அந்தப் பாலத்தில் நின்றவர்களின் வேலை என்னவென்று எனக்குப் படித்துத்தான் தெரியும். உங்களுக்குக் கையால் தெரியும்.

கட்டுரையை முடித்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள். ஆசிரியர் எவ்வளவு மதிப்பெண் போட்டார் என்பதையும்.

அன்புடன்.